மூன்று நாளில் தீர வேண்டிய பீப்பாய்

ஃபர்கின் என்று சொல்லும் சின்னப் பீப்பாயில் ஒன்பது காலன் பீர் பிடிக்கும். பைண்ட் கணக்கில் (ஒரு பைண்ட் அரை லிட்டருக்குச் சற்று மேல்) 72. அடியில் தங்கும் வண்டலைக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். நான்காம் நாள் சுவை தட்டையாகும், அப்புறம் வினிகர் வாடை தலைகாட்டும். ஆக, பீப்பாயிலேயே நொதிக்கும் ரியல் ஏல் பீரில் ஒரே ஒரு வகை வைத்திருக்கும் கிராமப் பப்கூட நாளொன்றுக்கு 24 பைண்ட் போல விற்றாக வேண்டும். கவுண்டரில் நான்கு கைப்பம்புகள் வரிசையாக நின்றால் கிட்டத்தட்ட நூறு பைண்ட். அதுவும் சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரில், ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில், மழைக்கு நடுவே.

இங்கிலாந்தின் பழைய கிராமப் பப்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓக் மர உத்தரம், எரியும் கணப்பு, அதன் முன்னால் படுத்திருக்கும் நாய் இவற்றோடு நின்றுவிடுவார்கள். அழகுதான். ஆனால் ஒரு பப் பிழைப்பதும் மூடுவதும் அந்த உத்தரத்தின் வயதைப் பொறுத்ததல்ல. மேலே சொன்ன பீப்பாய்க் கணக்கும், கட்டடம் யார் கையில் இருக்கிறது என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள் இருந்தன. இப்போது 45,000 சுமாருக்கு இறங்கிவிட்டது. மூடப்பட்டவற்றில் முந்நூறு வருஷக் கட்டடங்களும் உண்டு.

முதலில் அந்த பீர். ரியல் ஏல் என்றால் உயிருள்ள பீர். ஆலையில் ஒருமுறை நொதித்த பிறகு, ஈஸ்டை வடிகட்டிக் கொல்லாமல் அப்படியே பீப்பாயில் அடைத்து அனுப்புகிறார்கள். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் உள்ளே நொதித்துக்கொண்டேதான் இருக்கும். கெக் பீர் இதற்கு நேர் எதிர். வடிகட்டி, சூடேற்றி, ஈஸ்டைத் தீர்த்துக்கட்டி, வெளியிலிருந்து கரியமில வாயுவை அழுத்தி ஏற்றியது. வாரக்கணக்கில் கெடாது. யார் ஊற்றிக் கொடுத்தாலும் ஒரே மாதிரி இருக்கும்.

ரியல் ஏல் அப்படியில்லை. அதன் பாதி வேலை பப்காரரின் கையில்தான் இருக்கிறது. பீப்பாய் வந்து இறங்கியதும் நிலவறையில் மரத்தாங்கியின் மேல் படுக்க வைத்து, ஆடாமல் அசையாமல் ஆப்பு வைத்து நிறுத்துவார்கள். அதன் வயிற்றுப் பக்கத்தில் ஒரு மர அடைப்பு இருக்கும். அதன் நடுவில் சுத்தியலால் ஒரு மென்மையான மூங்கில் முளையை அடித்து இறக்கினால், மூங்கிலின் நுண்துளைகள் வழியாக வாயு சீறிக்கொண்டு வெளியேறும். வெள்ளை நுரை முளையைச் சுற்றிக் கொப்பளிக்கும். நுரையைத் துடைத்துவிட்டு எத்தனை நேரத்தில் மறுபடி பொங்குகிறது என்று பார்ப்பார்கள். பொங்குவது அடங்கியதும் மென்மையான முளையை எடுத்துவிட்டுக் கெட்டியான மரமுளையை அடிப்பார்கள், இருக்கிற வாயுவாவது உள்ளே தங்கட்டும் என்று. அப்புறம் முன்பக்கத்தில் குழாயை வைத்து ஒரே அடி. தயங்கி அடித்தால் முகமெல்லாம் பீர். கலங்கல் தெளிய ஒரு நாள், சில பீருக்கு இரண்டு நாள். பன்னிரண்டு டிகிரியை ஒட்டிய நிலவறைக் குளிர் போதும். அதைத்தான் வெளிநாட்டுக்காரர்கள் 'ஆங்கிலேயர் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள்' என்று கிண்டல் செய்வது.

தெளிய வைக்க மரபாகச் சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை, நம் கடற்கரையில் நெட்டி என்கிறார்களே, அதே உறுப்பு. சைவக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. இப்போது அதைச் சேர்க்காமல் கலங்கலாகவே விற்கும் ஆலைகளும் பெருகிவிட்டன.

கைப்பம்பை இழுக்கும்போது பீர் நிலவறையிலிருந்து மேலே வருகிறது. அது விட்டுப்போன இடத்தில் காற்று புகுகிறது. அந்தக் காற்றுதான் மூன்று நாள் கெடுவுக்குக் காரணம். முதல் பைண்டை விற்ற நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இன்னொரு விஷயம்: வட இங்கிலாந்தில் பம்பின் மூக்கில் சின்னத் துளைகள் கொண்ட ஒரு மூடியைப் பொருத்தி, பாலாடை மாதிரி நுரை எழும்ப ஊற்றுவார்கள். தெற்கே அதை வீண் வேலை என்பார்கள். இதை வைத்து அவர்கள் இன்றுவரை சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

1960களில் இந்த பீர் கிட்டத்தட்ட ஒழிந்துபோகிற நிலைக்கு வந்தது. பெரிய ஆலைகள் சின்ன ஆலைகளை வாங்கி மூடின. பக்குவப்படுத்த வேண்டாத, கெடாத கெக் பீரை நாடெங்கும் தள்ளின. வாட்னீஸ் கம்பெனியின் ரெட் பேரல் அந்தக் காலத்தின் அடையாளம். 1971இல் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் டன்குவின் என்ற ஊருக்கு விடுமுறைக்குப் போயிருந்த நான்கு இளைஞர்கள், அங்கே ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் ரியல் ஏலைக் காக்கப் போராடும் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம். அவர்கள் வெளியிட்ட வழிகாட்டி நூலின் 1974ஆம் ஆண்டுப் பதிப்பில், வாட்னீஸ் பீரைக் 'கொள்ளைநோய் போல விலக்குங்கள்' என்று அச்சாகிவிட்டது. அச்சகத்தார் பயந்துபோய் அந்த வரியை மாற்ற வைத்தார்கள். ரியல் ஏல் என்ற சொல்லை நாடறியச் செய்ததும் இவர்கள்தான்.

பீரைக் காப்பாற்றியாயிற்று. ஆனால் அதை ஊற்றுகிற இடத்தை யார் காப்பாற்றுவது? இதற்கு இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கம்ப்ரியாவில், ஹெஸ்கட் நியூமார்க்கெட் என்ற கிராமம் ஒரு வழி கண்டுபிடித்தது.

லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியின் வட எல்லையை ஒட்டிய ஊர். நடுவில் நீளமான புல்வெளி, இரண்டு பக்கமும் கல் வீடுகள், ஒரு காலத்தில் சந்தை கூடியதற்கு அடையாளமாகப் பழைய சந்தை மண்டபம். தெற்கே காரக் மலை. இங்கே இருக்கும் ஒரே பப் ஓல்டு கிரவுன். 1988இல் பப்பை நடத்திவந்த தம்பதி பின்னாலிருந்த பழைய களஞ்சியத்தில் சின்னதாக ஒரு பீர் ஆலை போட்டார்கள். பீருக்கெல்லாம் சுற்றியுள்ள மலைகளின் பெயர்கள்: ஸ்கிடா, பிளென்காத்ரா, காரக். மலையேறி இறங்கியவர்கள், தாங்கள் ஏறிய மலையையே கேட்டு வாங்கிக் குடிக்கலாம். விற்பனைக்கு இதைவிட நல்ல தந்திரம் கிடையாது.

பிறகு பப் ஒருவர் கைக்கும் ஆலை வேறொருவர் கைக்கும் பிரிந்தது. 1999இல் ஆலைக்காரர் ஓய்வெடுக்க நினைத்தபோது, வாடிக்கையாளர்களும் ஊர்க்காரர்களும் ஐம்பது பேருக்கு மேல் சேர்ந்து கூட்டுறவாக ஆலையை வாங்கினார்கள். கொஞ்ச வருஷத்தில் பப்பும் விலைக்கு வந்தது. இந்த இடத்தில் 2001ஐ மறந்துவிடக் கூடாது. அந்த வருஷம் கால்நடைகளைத் தாக்கிய கோமாரி நோயில் நாட்டிலேயே அதிகம் அடிபட்ட பகுதி கம்ப்ரியாதான். ஆடு மாடுகளைக் கொன்று குவித்து எரித்தார்கள். நடைபாதைகளை மூடிவிட்டதால் மலையேற வருகிறவர்களும் வரவில்லை. அந்த அடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஊருக்கு, பப் ஏதோ ஒரு பெரிய கம்பெனி கைக்குப் போய்விடுமோ என்ற கவலை வந்தது. 2003இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டுப் பப்பையும் வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் கூட்டுறவுக்குச் சொந்தமான முதல் பப் என்று அது பெயர் வாங்கியது. பங்கு வாங்கியவர்களில் அந்தப் பக்கத்திலேயே வசிக்கும் மலையேற்ற வீரர் கிறிஸ் பானிங்டனும் ஒருவர், 1975இல் எவரெஸ்டின் தென்மேற்கு முகத்தில் ஏறிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.

கூட்டுறவு என்றால் ஊரே முறை வைத்துப் பீர் ஊற்றுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. கட்டடம்தான் சங்கத்துக்குச் சொந்தம். நடத்துவது ஒரு குத்தகைதாரர். அவர் வாடகை கட்டுகிறார், லாபம் அவருடையது. எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். அதனால் பணக்காரர் ஒருவர் பங்குகளை அள்ளி வாங்கி, பிறகு பப்பைப் பூட்டி வீடாக்கி விற்றுவிட வழியில்லை. எனக்கு இந்த ஏற்பாட்டிலேயே முக்கியமாகப் படுவது இதுதான். நல்ல சமையலும் நல்ல பீரும் வேறு பல பப்களிலும் இருந்தன. அவை இருந்தும் பல மூடின.

ஏன் மூடின என்பதற்கு, பெரிய கம்பெனி என்றதும் ஊர்க்காரர்கள் ஏன் பயந்தார்கள் என்று தெரிய வேண்டும். பிரிட்டனில் பல பப்கள் 'கட்டுப்பட்ட' பப்கள். கட்டடம் பீர் ஆலைக்கோ பப் கம்பெனிக்கோ சொந்தம். குத்தகைக்கு எடுத்தவர் வாடகையும் கட்ட வேண்டும், பீரையும் அவர்களிடமே, வெளிச் சந்தையைவிட அதிக விலைக்கு வாங்க வேண்டும். பக்கத்து ஊர் ஆலை குறைந்த விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க முடியாது. 1980களின் கடைசியில் ஆறு பெரிய ஆலைகள் நாட்டின் பீரில் முக்கால் பங்கைத் தயாரித்தன; பல்லாயிரம் பப்களும் அவற்றின் கையில் இருந்தன. இதை உடைக்க 1989இல் அரசு ஓர் ஆணை போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைகள், அந்த உச்சத்தைத் தாண்டியவற்றில் பாதியையாவது விட்டுவிட வேண்டும்.

ஆலைகள் விட்டன. ஆனால் நடத்துகிறவர்களிடம் அல்ல. மொத்தமாக வாங்கிக்கொள்ளப் புதிதாகப் பப் கம்பெனிகள் முளைத்தன. இவை பீரே காய்ச்சாதவை, ஆகவே ஆணை இவற்றைத் தொடவில்லை. பஞ்ச், என்டர்பிரைஸ் போன்றவை கடன் வாங்கி ஆளுக்குப் பல ஆயிரம் பப்களைச் சேர்த்தன. 2008 நெருக்கடியில் கடன் கழுத்தை நெரிக்க, கட்டடங்களை விற்றுத் தள்ளின. போட்டியை வளர்க்க வந்த ஆணை, பப்பை வீட்டுமனை வியாபாரத்துக்குள் கொண்டுபோய் விட்டது. அரசு நல்லெண்ணத்தோடு போட்ட ஆணைகளில் இவ்வளவு தலைகீழாகப் போனவை குறைவு. குத்தகைக்காரர் இந்தப் பீர்க் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டு வாடகை மட்டும் கட்டும் உரிமையைக் கேட்கலாம் என்று 2016இல்தான் விதி வந்தது. அதுவும் கட்டுப்பட்ட பப்கள் 500ஓ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனிகளிடம் மட்டும்.

அழகான இடத்தில் இருக்கும் பப்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. லேக் டிஸ்ட்ரிக்ட் போன்ற பகுதியில் கல் கட்டடம் ஒன்று பப்பாக இருப்பதைவிட விடுமுறை வீடாக இருந்தால் விலை அதிகம். பீர் நன்றாக விற்றாலும் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட முடியாது.

சரி, சொந்தக் கட்டடம் கிடைத்துவிட்டது. நாளொன்றுக்கு நூறு பைண்ட் என்ற கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அங்கேதான் சாப்பாடு வருகிறது. ஊர்க்காரர்கள் மட்டும் குடித்து அந்தக் கணக்கு நிரம்பாது; குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்ற சட்டம் 1967இல் மூச்சுச் சோதனையோடு இறுகிய பிறகு, பக்கத்து ஊரிலிருந்து குடிக்க மட்டும் வருகிறவர்களும் குறைந்தார்கள். குடும்பத்தோடு சாப்பிட வருகிறவர்கள் தேவை. இன்று வருமானத்தில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்து எடுக்கும் கிராமப் பப்கள் சாதாரணம். நிலவறையில் இருக்கும் பீப்பாய்களை மூன்று நாளில் காலி செய்வது மேலே விற்கும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுடும் 'பை' என்ற பண்டமும் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வறுவலும்தான்.

கம்ப்ரியாவில் உள்ளூர் சாப்பாடு என்று சொல்ல உண்மையிலேயே சரக்கு இருக்கிறது. கம்பர்லாந்து சாஸேஜ் துண்டு துண்டாகக் கட்டாமல் ஒரே நீளமாகச் சுருட்டி வைத்தது; மிளகு தூக்கலாக இருக்கும்; 2011 முதல் புவிசார் பாதுகாப்பு பெற்றது. ஹெர்ட்விக் ஆட்டுக்கு 2013இல் கிடைத்தது. இந்த ஆட்டின் குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர உடம்பு சாம்பலாகவும் முகம் வெள்ளையாகவும் மாறும். வேலியில்லாத மலையில் தாயிடமிருந்தே எல்லை தெரிந்துகொண்டு மேயும். மெதுவாக வளர்வதால் கறி கருஞ்சிவப்பாக, வாசனையாக இருக்கும். மாட்டிறைச்சி 'பை'யின் குழம்பில் ஏல் ஊற்றுவதும், பீர் காய்ச்சி மிஞ்சிய மால்ட் சக்கை பண்ணை மாடுகளுக்குப் போவதும் இந்த மாதிரிச் சின்ன ஆலைகள் உள்ள இடங்களில் வழக்கம்.

ஆனால் 'பாரம்பரிய' என்று பலகையில் எழுதியிருப்பதையெல்லாம் நம்பிவிட வேண்டாம். ரொட்டி, ஒரு கட்டிச் சீஸ், வெங்காய ஊறுகாய் வைத்து 'உழவர் மதியச் சாப்பாடு' என்று எல்லாப் பப்களிலும் விற்கிறார்களே, வயலில் உழுதவர்கள் ரொட்டியும் சீஸும் சாப்பிட்டது உண்மைதான். அந்தப் பெயரில் அதைத் தட்டில் அடுக்கிப் பப்களில் பரப்பியது, ரேஷன் முடிந்த பிறகு சீஸ் விற்பனையைக் கூட்ட 1950களிலும் 60களிலும் சீஸ், பால் வாரியங்கள் செய்த விளம்பரம். பட்டியலில் நாற்பது அயிட்டம் இருந்து, சமையலறையில் ஒரே ஆள் இருந்தால் எதுவும் அன்று சமைத்ததில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சாப்பாடு இல்லாமலே பிழைக்கும் பப்பும் உண்டு. பெர்க்‌ஷயரில் ஆல்டுவர்த் என்ற ஊரில் இருக்கும் பெல் இன் 250 வருஷத்துக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. கவுண்டரே கிடையாது. கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பீரைக் கொடுப்பார்கள். சுவரில் ஒற்றை முள் கடிகாரம். சாப்பிட, உள்ளே ஏதாவது வைத்துச் சூடாகத் தரும் ரொட்டி. கைபேசியை எடுக்கக் கூடாது. காம்ரா இதற்கு நாட்டின் சிறந்த பப் என்ற விருதை 1990இலும் 2019இலும் கொடுத்தது. இதை 'மாறாத மரபின் வெற்றி' என்று சொல்வது எளிது. எனக்கென்னவோ, வாடகை கட்ட வேண்டாத குடும்பம் என்பதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. தலைக்கு மேல் வாடகை இல்லாதவர்கள்தான் பட்டியலை இவ்வளவு சின்னதாக வைத்திருக்க முடியும்.

யாருக்கும் பொறுப்பில்லாத கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2023இல் நாடே பார்த்தது. ஸ்டாஃபர்ட்‌ஷயரில் குரூக்கட் ஹவுஸ் என்ற பப், 1765இல் கட்டியது. கீழே நிலக்கரி தோண்டியதில் ஒரு பக்கம் சரிந்து, மேசையில் வைத்த கோலி மேட்டை நோக்கி உருள்வது போலத் தோன்றும் வேடிக்கைக்குப் பேர்போனது. ஜூலையில் விற்கப்பட்டது, ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது, இரண்டு நாளில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. மறு வருஷம் பிப்ரவரியில், முன்பிருந்தபடியே திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று உள்ளூராட்சி மன்றம் ஆணை போட்டது. 2017 முதலே இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு உபயோகத்துக்கு மாற்றவோ திட்ட அனுமதி வேண்டும். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர் மக்கள் ஒரு பப்பைச் சமுதாயச் சொத்தாகப் பதிவு செய்தால், விற்பனைக்கு வரும்போது பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கேட்கலாம். அவகாசம்தான் கிடைக்கும். பணத்தை அவர்களே புரட்ட வேண்டும், விற்பவர் அவர்களுக்கே கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனாலும் புரட்டுகிறார்கள். ஓல்டு கிரவுனைத் தொடர்ந்து 150க்கும் மேற்பட்ட பப்களை ஊர்கள் வாங்கிவிட்டன. ஸ்காட்லாந்தில் சாலையே இல்லாத, படகிலோ மலை தாண்டி நடந்தோ மட்டும் போகக்கூடிய இன்வெரியில் உள்ள ஓல்டு ஃபோர்ஜும் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இவற்றில் எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். நல்ல குத்தகைதாரர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கூரை ஒழுகினால் சரி செய்வது சங்கத்தின் தலையில். நூறு முதலாளிகள் இருக்கும் பப்பில், உருளைக்கிழங்கு வறுவல் பற்றி நூறு கருத்து இருக்கும்.

இதற்கிடையே அந்த மூன்று நாள் கணக்கையே மாற்றிவிடப் பார்க்கிறது ஒரு புதுச் சரக்கு. 2024இல் கார்ல்ஸ்பர்க் மார்ஸ்டன்ஸ் கம்பெனி 'ஃப்ரெஷ் ஏல்' என்று ஒன்றை இறக்கியது. கெக் பீர்தான், ஆனால் ரியல் ஏல் ஊற்றும் கைப்பம்பு வழியாகவே வரும். திறந்த பிறகு 14 நாள் தாங்கும். அப்படி வந்தவற்றில் ஒன்று வெயின்ரைட், லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளை ஒவ்வொன்றாக நடந்து எழுதியவரின் பெயர் தாங்கிய பீர். கைப்பம்பைப் பார்த்து ரியல் ஏல் என்று நினைத்து வாங்குகிறவரை ஏமாற்றுகிற வேலை என்று வர்த்தகத் தர அதிகாரிகளிடம் காம்ரா புகார் கொடுத்தது. புகாரில் நியாயம் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் நாளைக்குப் பத்து பைண்ட் மட்டும் விற்று, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருக்கும் பப்காரரிடம் போய் அந்த 14 நாள் வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அவருக்கு வேண்டியது இன்னும் சின்னப் பீப்பாய். நாலரைக் காலன் பிடிக்கும் 'பின்' (pin) என்ற பீப்பாய் அளவு எப்போதும் இருந்துவந்ததுதான். 36 பைண்ட், மூன்று நாள், நாளைக்குப் பன்னிரண்டு. லாபம் குறைவு, கழுவவும் சுமக்கவும் ஆள்கூலி அதே என்று பெரிய ஆலைகள் அதை அனுப்பச் சுணங்குகின்றன. பக்கத்திலேயே காய்ச்சும் சின்ன ஆலைக்கு அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவது பெரிய வேலையில்லை.